கால் வீங்கினால் கிட்னி போச்சா?

ஐயா,

வணக்கம். நான் பாம்பனில் கருவாடு விற்பவள். என் வீட்டுக்காரர் விசைப்படகுக்குப் போகிறவர், வயது 56. மூன்று வருடமாக அவருக்கு பிரஷர். அம்லோடிபின் 5 மில்லிகிராம் சாப்பிட்டு வந்தார். இந்தச் சித்திரையில் அதை 10 ஆக்கிக் கொடுத்தார்கள். கவரில் "1-0-0" என்று மட்டும் எழுதியிருந்தது, அதாவது காலையில் மட்டும் ஒரு மாத்திரை.

அப்போது மீன்பிடித் தடைக்காலம், படகு கடலுக்குப் போகாது. பகல் முழுக்கத் திண்ணையில் காலைத் தொங்கப்போட்டபடி வலை தைத்துக்கொண்டிருப்பார். ரெண்டு வாரத்தில், சாயங்காலமானால் கணுக்கால் இரண்டும் வீங்க ஆரம்பித்தன. விடிந்தால் வற்றிவிடும். டீக்கடையில் யாரோ, "மாத்திரை கிட்னியைத் திங்குது மாப்ள, விட்டுரு" என்றார்களாம். விட்டுவிட்டார். மறுநாள் ஒன்றும் ஆகவில்லை, அதற்கடுத்த நாளும் ஆகவில்லை. "பாத்தியா, மாத்திரையே தேவையில்ல" என்று என்னிடம் பெருமை வேறு. ஜூன் 14-ல் தடை முடிய ரெண்டு நாள் இருக்கும்போது, பக்கத்து வீட்டு நர்ஸ் பிள்ளை பார்த்தாள். 190/110. தலைவலிகூட இல்லை மனுசனுக்கு.

ராமநாதபுரத்தில் ஒரு டாக்டர்தான் பொறுமையாகச் சொன்னார். ரத்தக்குழாய்ச் சுவரில் தசை இருக்கிறது. கால்சியம் உள்ளே போனால் அது இறுகும், நனைந்த கயிறு இறுகுகிற மாதிரி. அம்லோடிபின் அந்தக் கால்சியத்தை உள்ளே விடாது. தசை தளர்ந்து குழாய் விரியும், அழுத்தம் இறங்கும். ஆனால் ரத்தத்தைக் கொண்டுவரும் குழாய் விரிகிற அளவுக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய் விரிவதில்லை. அதனால் நடுவில் இருக்கிற மெல்லிய குழாய்களிலிருந்து நீர் கசிந்து, தொங்கும் காலில் தேங்குகிறது. அளவு கூடினால் வீக்கமும் கூடும். ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்துவிட்டுத்தான், "கிட்னி நன்றாக இருக்கிறது. பிரஷரை இப்படியே விட்டால்தான் அது கெடும்" என்றார். மாத்திரையை விட்டதும் ஒன்றும் ஆகாததற்கும் காரணம் உண்டு. உடம்பில் இருக்கும் அம்லோடிபினில் பாதி குறையவே ஒரு நாளுக்கு மேல் ஆகுமாம். பிரஷர் சத்தமில்லாமல் நாலைந்து நாளில் ஏறியிருக்கிறது.

இப்போது அம்லோடிபின் பழையபடி 5, கூடவே டெல்மிசார்டன் 40. குழாயை இறுக்கச் சொல்லும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனை இது வேலை செய்யவிடாதாம். வீக்கம் வடிந்துவிட்டது. உப்பைப் பற்றிப் பேசும்போது டாக்டர் என்னைத்தான் பார்த்தார். விற்கிற கருவாட்டை வீட்டுச் சட்டியில் போடாதே என்றால் நான் என்ன செய்ய? வாரம் ஒரு நாளாகக் குறைத்திருக்கிறேன்.

மாத்திரை கொடுக்கும் இடங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். கவரில் 1-0-0க்குக் கீழே தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்: "கால் வீங்கலாம். நீங்களாக நிறுத்தாமல் வந்து கேளுங்கள்." மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டுவரும் சகோதரிகளும் கையில் கொடுக்கும்போது இதை வாயால் சொல்லிவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
கருவாட்டு வியாபாரி,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.