சின்னவள் துவக்குப் பழகுவது பற்றி

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். பேத்தி கெடட் என்கிற மாணவர் பயிற்சிப் படையில் சேர்ந்து துவக்குச் சுடப் பழகுகிறாள் என்று கேள்விப்பட்டதிலிருந்து உங்களுக்கு நித்திரையே இல்லை என்று தம்பி சொன்னான். எனக்கு விளங்குகிறது அம்மா. 77இலும் 83இலும் நடந்த கலவரங்களில் ராத்திரியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து லயத்து வீட்டை விட்டுத் தேயிலைக்குள் ஒளிந்த உங்களுக்குத் துவக்கு என்றாலே வேறு ஞாபகம்தான் வரும், அதனால்தான் போனில் அவசரமாகச் சொல்லாமல் விவரமாக எழுதுகிறேன்.

கனடாவில் 12 வயதிலிருந்து 18 வரை பிள்ளைகள் கெடட்டில் சேரலாம், சேரக் காசு இல்லை, பிறகு ஆமிக்குப் போகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இவர்கள் சுடுவது காற்றழுத்தத்தில் சுடுகிற ஏர் றைபிள். குண்டு மிளகளவுதான், ஈயம். 10 மீற்றர் தள்ளி ஒரு கடதாசி, அதில் கறுப்பு வட்டம், அவ்வளவுதான்.

போன கிழமை பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். பாயில் குப்புறப் படுத்து, இடது கையில் துவக்கின் வாரை மாட்டி, கறுப்பு வட்டத்தைக் குறி பார்த்துவிட்டுக் கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டாள், திறந்தபோது குறி விலகியிருந்தது போல, ஆனால் துவக்கைக் கையால் தள்ளவில்லை, முழங்கையை அசைக்காமல் இடுப்பை மட்டும் கொஞ்சம் நகர்த்தினாள். கையால் தள்ளிப் பிடித்தால் சதை களைத்துப் பழைய இடத்துக்கே திரும்பிவிடுமாம். அப்புறம் மூச்சை விட்டு, அடுத்தது இழுக்கும் முன்னே வருகிற அந்தச் சின்ன இடைவெளியில் விசையை மெதுவாக அழுத்தினாள். ஒரு நிமிஷம் சும்மா இருக்காத நம்ம வாயாடி அம்மா! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நடுவில் பட்டதா என்று முதலில் பார்ப்பதில்லை, ஐந்து குண்டும் நெருங்கி விழுந்ததா என்றுதான் பார்க்கிறார்கள். நெருங்கி விழுந்தால் துவக்கில் குறி பார்க்கிற கருவியைத் திருகிச் சரிபண்ணலாம், சிதறினால் படுக்கிற விதத்தையும் மூச்சையும்தான் திருத்தவேண்டும்.

பாதுகாப்பில் துளியும் விட்டுக்கொடுப்பதில்லை. சுட்டு முடித்ததும் குண்டு இல்லை என்று காட்டி, குழலுக்குள் நீளக் குச்சியை விட்டு, பொறுப்பானவர் வந்து பார்த்துச் சரி என்றால்தான் எழும்பலாம். ஆபத்தைக் கண்டால் எந்தப் பிள்ளையும் ‘நிறுத்து’ என்று கத்தலாம், எல்லாரும் உடனே நிறுத்தவேண்டும். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் பிஸ்கட்டைக்கூடத் தொட விடமாட்டார்கள்.

இப்போது வலயப் போட்டிக்குத் தெரிவாகியிருக்கிறாள், அதில் வென்றால் மாகாணம், பிறகு தேசியம். அவள் சுட்ட கடதாசி ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன், தம்பியிடம் கொடுக்காமல் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அட்டனில் படிக்கிற அவன் மகனும் பள்ளிக்கூடக் கெடட்டில் சேரக் கேட்கிறானாமே, தடுக்கவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பிரஷர் குளிசையை நேரத்துக்குப் போடுங்கள்.

உங்கள் மகள்