முப்பது உயிர்

கிழக்கு ஒசாகா,
11 ஜனவரி 2026, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் அண்ணி கட்டிக்கொடுத்த புளியோடு ஒரே பெட்டியில் வந்து சேர்ந்தது. வழியில் பை கிழிந்து முதல் பக்கம் முழுக்கப் புளி ஏறியிருக்கிறது. "அம்மாவுக்கு முழங்கால்" என்பதற்கு அடுத்த இரண்டு வரி தெரியவில்லை. கடை விஷயம் மட்டும் தெளிவாக இருக்கிறது. அதைக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய், அங்கே புளி எட்டவில்லை.

நான் ஆடியில் எழுதியது. இப்போது மார்கழியே முடியப்போகிறது. தினமும் போனில் பேசுகிறோமே என்று உனக்குத் தோன்றும். போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மா நடுக்கூடத்தில் வைத்துவிட்டால் நாம் இரண்டு பேரும் என்ன பேச முடியும்? சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், குளிரா, குளிர்தான். கடையை விற்கும் பேச்சை நீ காகிதத்தில் எழுதியதன் காரணம் எனக்குப் புரிகிறது. பெரியவர்களுக்கு எழுதும்போது "நீங்கள்" என்று போடவேண்டும் என்று அப்பா சொல்வார். எனக்கு அது கை வரவில்லை. "நீ" என்றே எழுதுகிறேன், அண்ணி படித்தால் சிரிப்பார், பரவாயில்லை.

இங்கே குளிர் பற்றி ஒரு வார்த்தை. வெளியே இரண்டு டிகிரி என்றால் அறைக்குள்ளும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான். சுவர் அட்டை மாதிரி. அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடியில் ஈரத்துண்டு போர்த்திப் படுத்து வளர்ந்த உடம்பு இது. காலையில் பல் தேய்க்கும்போது குழாய்த் தண்ணீர் பல்லையே பிடுங்கிவிடும் போலிருக்கிறது. ஆனால் என் அறையில் ஹீட்டர் போடவேண்டிய தேவையே வரவில்லை. அதற்குக் காரணம் பக்கத்து அறைப் பெரியவர்.

போன கடிதத்தில் குப்பையைத் தப்பான கிழமையில் வைத்ததற்காக என் கதவில் படம் வரைந்து ஒட்டினார் என்று எழுதினேனே, அவர்தான். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், தனியாள். மூன்று ஸ்வெட்டர் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருப்பார். நடு அறையில் ஒரு குட்டை மேஜை, அதன் அடியில் ஹீட்டர், மேலே ரஜாய். கோதாட்சு என்று பெயர். காலை உள்ளே விட்டுவிட்டால் எழுந்திருக்கவே மனம் வராது. அதற்கு எதிரே ஒரு பழைய டிவி, டிவியோடு 1983இல் வந்த ஃபாமிகாம் என்ற வீடியோ கேம் பெட்டி. நம் கடையில் நீ பர்மா பஜாரிலிருந்து வாங்கிவந்து வைத்தாயே ஒரு மணி நேரம் பத்து ரூபாய்க்கு, அந்தப் பெட்டியின் அசல். நம்முடையது எந்த ஊரில் யார் செய்த நகலோ. இது நிண்டெண்டோ செய்தது. அந்தக் கம்பெனி இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கியோட்டோவில், 1889இல், சீட்டுக்கட்டு செய்வதற்காக ஆரம்பித்ததாம். சீட்டாடினால் குடும்பம் உருப்படாது என்ற நம் லுங்கிக் கடை மாமாவிடம் இதைச் சொல்.

இன்னொன்று கேள். நம் கடையில் ஆடிய கான்ட்ரா கேமைச் செய்த கொனாமி இருக்கிறதே, அது 1969இல் இதே ஒசாகாப் பக்கத்தில் தொடங்கிய கம்பெனி. முதலில் என்ன தொழில் தெரியுமா? காசு போட்டால் பாட்டுப் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டியை வாடகைக்கு விடுவதும் ரிப்பேர் செய்வதும். பாட்டில் தொடங்கி கேமுக்கு வந்திருக்கிறார்கள். தரணம்பேட்டையில் பாட்டுப் பதிவு செய்துகொண்டிருந்த நீயும் அதே வழியில்தான் வந்தாய். நமக்கு நகல் பெட்டி, அவர்களுக்கு அசல், வித்தியாசம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நிப்போன்பாஷி என்ற இடத்தில் எலெக்ட்ரிக் கடைகள் நிறைந்த ஒரு தெரு உண்டு. நம் லாங் பஜாரை நான்கு மடங்கு நீட்டி, வெங்காய மண்டிக்குப் பதிலாக ஒயரும் பொம்மையும் வைத்தால் அந்தத் தெரு. பழைய கேம் கேசட்டுகளைச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு அடுக்கியிருப்பார்கள். பல கேசட்டுகளின் பின்னால் ஏதோ ஒரு பிள்ளை கோணல் எழுத்தில் தன் பெயரைப் பேனாவால் எழுதியிருக்கும். பெயர் எழுதியது விலை குறைவு. நான் அதைத்தான் வாங்குகிறேன், அழகாக இருக்கிறது என்பதற்காக. கான்ட்ராவை எடுத்துப் பார்த்தேன், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். பெரியவரிடம்தான் ஒன்று இருக்கிறதே, எதற்கு இரண்டு?

ஜப்பான் கான்ட்ராவில் நாம் பார்க்காதது நிறைய இருக்கிறது அண்ணா. முதல் கட்டத்தில் மரத்து இலை ஆடும். பனிக் கட்டத்தில் பனி நிஜமாகவே விழும். ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் வரைபடம் வரும். கேசட்டுக்குள் கூடுதலாக ஒரு சிப் வைத்திருக்கிறார்கள், அதனால். நம் கடையில் இருபத்தைந்து வருடத்துக்கு முன் பார்த்தபோது எல்லாம் அசையாமல் நின்றது, நாம்தான் நாற்காலியில் ஆடினோம்.

இசைக்கு வருகிறேன். நீ கடிதத்தை மூடாமல் இதைப் படிக்கவேண்டும். அந்தப் பெட்டியில் மொத்தம் ஐந்தே குரல். இரண்டு மெட்டுக்கு, ஒன்று முக்கோண அலை, ஒன்று வெறும் இரைச்சல், ஐந்தாவது பதிவு செய்த துண்டு ஒலிக்கு. கோஜி கோண்டோ என்பவர் 1985இல் மாரியோவுக்குப் போட்ட இசை இதற்குள்தான். அந்த முக்கோண அலையைப் பேஸுக்கு விட்டிருக்கிறார். ஒரு நாள் பெரியவர் டிவி படத்தை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்க வைத்தார். கீழே பேஸ் தன் பாட்டுக்கு நடக்கிறது, மேலே மெட்டு வேறு எங்கோ போகிறது, இரண்டும் சரியான இடத்தில் சந்திக்கின்றன. நீ ராஜாவின் பாட்டைப் போட்டு "பாட்டை விடு, பேஸை மட்டும் கேள், அது தனியாக ஒரு பாட்டுப் பாடுகிறது" என்று என் தலையில் தட்டுவாயே, அது எனக்குப் பத்து வயதில் புரியவில்லை. இப்போது புரிகிறது. இதை நான் ஒப்புக்கொண்டேன் என்று யாரிடமும் சொல்லாதே.

ஒப்புக்கொண்டது பேஸ் விஷயத்தில் மட்டும். 1992க்குப் பிறகு காது கெட்டுப்போய்விட்டது என்று நீ சொல்வதை இன்றும் ஏற்கமாட்டேன். ரோஜா வந்த அன்று உன் கடையில் கேசட் தீர்ந்துபோனதா இல்லையா? பெரியவர் 1998இல் முத்து படத்தை இரண்டு முறை பார்த்தவர். டோக்கியோவில் ஒரே தியேட்டரில் 23 வாரம் ஓடிய படம் அது. அவருக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது, ஆனால் பாத்திரம் கழுவும்போது அந்த மெட்டை முனகுகிறார். ரகுமான் மெட்டு. நீ கடுப்பாகவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சினிமாவும் பார்த்தேன். பக்கத்து ஊர் அமகசாகியில் ஒரு தியேட்டர், அதில் "மசாலா காட்சி" என்று நடத்துகிறார்கள். கத்தலாம், கை தட்டலாம், காகிதம் தூவலாம். தெலுங்குப் படம். எல்லைக்குப் பக்கத்தில் பிறந்ததன் பயன், எழுத்து ஓடுவதைப் பார்க்காமலே எனக்கு எல்லாம் புரிந்தது, பெரியவருக்குக் காதில் கிசுகிசுத்தேன். நாயகன் வந்ததும் எல்லோரும் ஒரே நொடியில் காகிதம் தூவினார்கள், ஒரே நொடியில் நிறுத்தினார்கள். படம் முடிந்ததும் ஆளாளுக்குத் துடைப்பம் எடுத்துத் தரையைப் பெருக்கினார்கள் அண்ணா! முதல் நாள் முதல் காட்சியில் லாட்டரிச் சீட்டைக் கிழித்துத் தூவிவிட்டு வெளியே வந்து திரும்பிப் பார்க்காத நமக்கு இது வேறு உலகம். நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் அதிகச் சுத்தம்.

இங்கே எதுவுமே அப்படித்தான். கேமும் பாட்டும் படமும் பற்றி இவர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட நமக்குத் தெரியாது. பெரியவர் முடித்த கேம் ஒவ்வொன்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அவருடைய நண்பர்கள் மூன்று பேர் மாதம் ஒரு முறை வருவார்கள். ஒருவர் ஒன்று சொன்னால் மற்றவர் "சோ தெசு நே" என்பார். அப்படித்தான் அல்லவா என்று அர்த்தம். அடுத்தவர் அதற்கு நேர் எதிராகச் சொல்வார், அதற்கும் "சோ தெசு நே". ஜாஸ் கேட்பதற்கென்றே காபிக் கடைகள் இருக்கின்றன, சிலவற்றில் பேசவே கூடாது. காபியைக்கூட மெல்ல வைக்கவேண்டும். உன்னையும் சைக்கிள் கடை பாயையும் அங்கே உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் இருவரும் எம்.எஸ்.வி.யா ராஜாவா என்று ஆரம்பித்து, டீ ஆறி, மூன்று வாரம் பேசாமல் இருந்து, கடைசியில் பாய் ரம்ஜான் பிரியாணி அனுப்பித்தானே முடிந்தது.

போன மாதம் ஒரு நாள் பெரியவரோடு கான்ட்ரா ஆட உட்கார்ந்தேன். தலைப்பு வந்ததும் என் விரல் தானாக ஓடிவிட்டது: மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. முப்பது உயிர். இந்த ரகசியத்தைச் சொல்ல நீ பையன்களிடம் இரண்டு ரூபாய் வாங்குவாய், எனக்கு மட்டும் இலவசம். கொனாமியில் ஹஷிமோட்டோ என்பவர் 1986இல் வேறொரு கேமைச் சோதிக்கும்போது, தன்னாலேயே ஆட முடியாத அளவு கடினமாக இருந்ததால் இந்த வழியை உள்ளே வைத்தாராம், எடுக்காமலே விட்டுவிட்டார்களாம். 2020இல் இறந்துபோனார். அதை நான் சொல்லி முடிப்பதற்குள் பெரியவர் கையிலிருந்த கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். கோயில் உண்டியலில் கைவிட்டவனைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். "தமே" என்றார். கூடாது, தப்பு. மூன்று உயிரில் ஆடவேண்டும், செத்தால் முதலிலிருந்து வரவேண்டும் என்றார். நான் இல்லை என்றேன். அவர் ஆமாம் என்றார். குரல் உயர்ந்தது அண்ணா. கால் மணி நேரம், எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில், சத்தமாகச் சண்டை போட்டோம்.

இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடத்தில் என்னை "நீ சொல்வது தப்பு" என்று யாரும் சொன்னதில்லை. என் அறைக்கு வந்து கதவைச் சாத்தியபின் ரொம்ப நேரம் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். கடையின் மரப் பெஞ்சு, டேப் தலையைத் துடைக்கும் ஸ்பிரிட் வாசனை, சிக்கிய நாடாவை நீ பென்சிலில் சுற்றும் சத்தம். மறுநாள் கண் வீங்கியிருந்தது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று தொழிற்சாலையில் சொன்னேன்.

சரி, அதை விடு. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. இரவு எட்டு மணிக்குமேல் கடையில் பாதி விலை ஒட்டுத்தாள் ஒட்டுவார்கள், அந்த நேரத்துக்குப் போவது எனக்கும் பெரியவருக்கும் ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. முட்டைக்கோஸ் போட்டு அடை மாதிரி ஒன்று சுடுகிறார்கள், மேலே தூவும் மீன் சீவல் சூட்டில் உயிரோடு இருப்பது போல நெளியும். ஒசாகாவுக்குத் தெற்கே விளையும் ஒரு கத்தரிக்காயைப் பச்சையாகவே தின்கிறார்கள், தண்ணீராக இருக்கிறது. நம் முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெரியவரிடம் பெருமையாகச் சொன்னேன். "சோ தெசு நே" என்றார். பிரியாணிக்குப் பக்கத்தில் வைக்கும் கத்தரிக்காய்த் தொக்கை எந்த மொழியில் விளக்குவது என்று விட்டுவிட்டேன்.

தொழிற்சாலையில் இப்போது ஓவர்டைம் இல்லை. அதனால்தான் இவ்வளவு எழுத நேரம். யென் மதிப்பு விழுந்தது பற்றி நீ பேப்பரில் படித்திருப்பாய், அதைப் பற்றிக் கவலைப்படாதே. புத்தாண்டு விடுமுறையில் வங்கி மூடியிருந்ததால் இந்த மாதப் பணம் கொஞ்சம் தள்ளி வரும். அம்மாவிடம் வங்கி என்று மட்டும் சொல்.

இனி கடை. லுங்கிக் கடை மாமாவின் மருமகன் கேட்கும் விலை குறைவு என்று உனக்கே தெரியும். ஆனால் அம்மாவின் முழங்கால் காத்திருக்காது. நான் "விற்காதே, பணம் அனுப்புகிறேன்" என்று எழுத நினைத்து இரண்டு முறை காகிதத்தைக் கிழித்தேன். விற்றுவிடு. என் பங்கைத் தனியாகப் பிரிக்கவேண்டாம், ஆபரேஷனுக்குப் போக மீதியில் அக்கா பெண்ணின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர் என் பெயரில் செய்துவிடு, சேலை அண்ணி எடுக்கட்டும், அக்கா எடுத்தால் நிறம் சரியாக இருக்காது. அப்பா பெயரில் பத்திரம் இருப்பதால் முதலில் வாரிசுச் சான்றிதழ் வாங்கவேண்டும், அதில் அக்கா பெயரும் வரும், அவளிடம் இப்போதே பேசிவிடு. பவர் பத்திரத்தை இங்கே ஒசாகா இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்புகிறேன். அது கைக்குக் கிடைத்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டவேண்டும், பத்திர எழுத்தரிடம் தேதியைக் குறித்துக்கொள்ளச் சொல். வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு நான் வருவதாக அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள் போலிருக்கிறது. விடுப்புக் கிடைப்பது கஷ்டம் என்று நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

மருமகனுக்கு அலமாரியும் கண்ணாடியும் போகட்டும். ஆம்ப்ளிபயரைக் கொடுக்காதே. கேசட்டுகளை எடைக்குப் போட்டாலும் பாட்டுப் பட்டியல் நோட்டுகளைப் போடாதே, ஒவ்வொருவரும் தன் கையால் எழுதிக்கொடுத்தது. நீலநிற நோட்டில் நடுப்பக்கத்தில் சைக்கிள் கடை பாய் கணக்கு இருக்கும். அறுபது நிமிட டிடிகே கேசட் ஒன்று, பழைய பாட்டு பதினான்கு, பதினெட்டு ரூபாய் பாக்கி. கடை கைமாறுவதற்குள் வசூல் செய்துவிடு.

உன் தம்பி