42-1-2: ஜிம் மான்ட்கோமரிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஜிம் மான்ட்கோமரி அவர்களுக்கு,

வணக்கம். உங்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஸ்கேட்டில் நிற்கத் தெரியாது. கணக்கு நேராகிவிட்டதால் தயக்கமில்லாமல் எழுதுகிறேன்.

பாஸ்டனுக்கு வெளியே ஒரு சிற்றூரில் குடியிருக்கிறேன். இங்கே வரும்வரை ஹாக்கி என்றால் எனக்குப் புல்தரை, 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸ், தங்கம் வென்ற கேப்டன் வாசுதேவன் பாஸ்கரன், அவ்வளவுதான். பனித்தளத்தில் ஆடும் ஹாக்கியைக் காட்டிக்கொடுத்தவர் அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர். மெய்ன் மாநிலத்தவர், நீங்கள் ஓரோனோ ஊரிலுள்ள மெய்ன் பல்கலைக்கழகத்தில் ஆடிய காலத்தில் அங்கே மாணவராக இருந்தவர். அவருடைய மேசையில் மனைவி மக்கள் படம் கிடையாது. கணினித் திரைக்குக் கீழே '42-1-2' என்று எழுதிய ஓர் அட்டைத் துண்டு மட்டும் ஒட்டியிருக்கும். ஏதோ பூட்டுக்கான எண் என்று நினைத்து, இதை இப்படி வெளியில் ஒட்டி வைக்கலாமா என்று ஒருநாள் கேட்டேன். அன்றைக்கு மதியச் சாப்பாடு ஒன்றரை மணி நேரம் நீண்டது.

நாற்பத்திரண்டு வெற்றி, ஒரு தோல்வி, இரண்டு சமன். 1992-93 சீசனில் நீங்கள் கேப்டனாக இருந்த மெய்ன் பல்கலைக்கழக அணியின் கணக்கு அது. முடிவில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் பட்டம், அந்தப் பல்கலைக்கழக ஹாக்கி அணிக்கு முதல் தேசியப் பட்டம். நாற்பத்தைந்து ஆட்டத்தில் ஒரே ஒரு தோல்வி என்பதை எங்கள் ஊரில் கேட்டால், எதிரே ஆடியவர்கள் நோஞ்சான்களா என்பார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். மேசைக்காரர் அன்று மாலை வரை என்னோடு பேசவில்லை.

பிறகு ஒரு ஜனவரியில் அவரோடு ஓரோனோவுக்கே போய்வந்தேன். பாஸ்டனிலிருந்து வடக்கே நாலு மணி நேரக் கார் பயணம், வழியெல்லாம் ஊசியிலை மரமும் பனியும். மெய்னில் பெரிய தொழில்முறை அணி எந்த விளையாட்டிலும் கிடையாது. குளிர்காலத்தில் அந்த வட்டாரம் முழுவதற்கும் பல்கலைக்கழகத்தின் ஆல்ஃபாண்ட் அரங்கம்தான் கோயில், சந்தை, ஊர்ச்சாவடி எல்லாம். ஐயாயிரத்துச் சொச்சம் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து எழுப்பும் சத்தம் தாழ்ந்த கூரையில் மோதித் திரும்பி வந்து நெஞ்சில் இறங்குகிறது. வெளியூர் அணிகள் அங்கே ஆட ஏன் அஞ்சின என்பது எனக்குப் பத்து நிமிடத்தில் விளங்கிவிட்டது.

உங்கள் சீசனின் பழைய ஒளிப்பதிவுகளைத் தேடிப் பார்த்தேன். மங்கலான படம், பந்துக்குப் பதில் இங்கே ஆடும் பக் என்ற வட்டத் தட்டு எங்கே போகிறது என்பதே பாதி நேரம் தெரியாது. ஆனால் பக் தெரியாவிட்டாலும் பால் கரியாவைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், அது அங்கேதான் வரும். முதலாண்டு மாணவர், பதினெட்டு வயது. 39 ஆட்டத்தில் 25 கோல், 75 அசிஸ்ட், மொத்தம் 100 புள்ளி. கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி, அதற்குப் பக்கைக் கடத்திக் கொடுத்தவருக்கும் ஒரு புள்ளி என்பது இந்த விளையாட்டின் நல்ல வழக்கங்களில் ஒன்று. கல்லூரி ஹாக்கியின் மிக உயர்ந்த தனிநபர் விருதான ஹோபி பேக்கர் விருதை முதலாண்டு மாணவர் ஒருவர் பெற்றது அதுவே முதல்முறை. எனக்கு அந்த 75தான் பெரிதாகப் படுகிறது. எங்கள் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் சில பேர் பரிமாறுவதைப் பார்க்க வேண்டும். எந்த இலையில் எது தீரப்போகிறது என்பது உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்குத் தெரிவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடும். திரும்பிப் பார்த்தால் கரண்டி இலைக்கு மேலே நிற்கும். கரியாவின் ஆட்டம் அந்த வகை. அந்த வருடம் டிசம்பர், ஜனவரியில் கனடாவின் இளையோர் அணிக்காக ஸ்வீடனுக்குப் போய் உலகத் தங்கம் வென்று திரும்பினார். அவர் இல்லாத நாட்களிலும் உங்கள் அணி தோற்கவில்லை.

அதற்குக் காரணம் நீங்கள் என்று மேசைக்காரர் சொல்வார். அந்த சீசனில் நீங்கள் 32 கோல், 63 அசிஸ்ட், 95 புள்ளி. நான்கு ஆண்டுகளில் 301, மெய்ன் அணி வரலாற்றில் அதற்குமேல் எடுத்தவர் இல்லை. உங்கள் இருவரோடு ஆடியவர் கால் இங்ரஹாம். நல்ல குள்ளம், எதிரணித் தடுப்பாட்டக்காரர்களின் கக்கத்துக்குக் கீழே புகுந்து போய் 46 கோல் அடித்தார். கரியாவைப் போலவே முதலாண்டில் இருந்த ஃபெராரோ இரட்டையர் கிறிஸும் பீட்டரும் வேறு. கோல் காக்க மைக் டன்ஹம், கார்த் ஸ்னோ என்று இரண்டு பேர். வேறு எந்தக் கல்லூரியிலும் தனியாளாக நின்றிருக்கக்கூடியவர்களைப் பயிற்சியாளர் ஷான் வால்ஷ் மாற்றி மாற்றி இறக்கினார். டன்ஹமின் கணக்கு 21-1-1, ஸ்னோவின் கணக்கு 21-0-1. கூட்டிப் பார்த்தால் மேசைக்காரரின் அட்டை வந்துவிடுகிறது.

வால்ஷைப் பற்றி எழுதினால் பின்னால் நடந்ததையும் எழுதத்தான் வேண்டும். என்.சி.ஏ.ஏ. விதிமீறல் விசாரணையில் சிக்கி, 1995 இறுதியிலிருந்து ஓராண்டு இடைநீக்கத்தில் இருந்தார். திரும்பி வந்து 1999-ல் மெய்னுக்கு இரண்டாவது பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். 2001-ல் சிறுநீரகப் புற்றுநோயில் இறந்தபோது வயது 46. மேசைக்காரர் அவரைப் பற்றிப் பேசும்போது இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார், எதையும் விட மாட்டார். அந்த நேர்மைக்காகவே அவருடைய மற்றக் கதைகளை நம்புகிறேன்.

இனி அந்த '1'.

1993 பிப்ரவரி. முப்பது ஆட்டங்களுக்கு மேல் தோல்வியே இல்லாமல் வந்திருந்தீர்கள். ஆல்ஃபாண்டில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். 6-2 என்று முன்னே இருந்தீர்கள். சொந்த அரங்கம், சொந்த ஜனம், நாலு கோல் முன்னணி. அதைக் கரைத்துவிட்டுக் கூடுதல் நேரத்தில் 7-6 என்று தோற்றீர்கள். மேசைக்காரர் அன்று அரங்கத்தில் இருந்தவர். ஆட்டம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை, ஏதோ தவறுதலாக அறிவித்துவிட்டார்கள், திருத்துவார்கள் என்பதுபோல உட்கார்ந்திருந்தோம் என்றார். வெளியே வந்தபோது கார் கதவு உறைந்துபோய்த் திறக்கவில்லையாம். முப்பது வருடம் கழித்தும் கார் கதவின் மேல் கோபம் தீரவில்லை.

இதைக் கேட்டபோது நான் ஒரு விளக்கம் சொன்னேன். அழகான குழந்தையின் கன்னத்தில் எங்கள் ஊர்த் தாய்மார்கள் கருப்பாக ஒரு பொட்டு வைப்பார்கள், கண் படாமல் இருக்க. உங்கள் 42-க்குப் பக்கத்தில் அந்த 1 ஒரு திருஷ்டிப் பொட்டு என்றேன். மேசைக்காரருக்கு அது மிகவும் பிடித்துப்போய் அட்டையில் அந்த ஒன்றைச் சுற்றி மையால் வட்டம் போட்டார்.

இப்போது அந்த விளக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள விரும்புகிறேன். பொட்டு என்றால் அது முகத்திலிருந்து தனியாக இருக்க வேண்டும், துடைத்தால் போய்விட வேண்டும். உங்கள் சீசனின் கடைசி வாரத்தை ஆட்டம் ஆட்டமாகப் பார்த்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிப்ரவரியில் நடந்தது ஏப்ரலிலும் இரண்டு முறை நடக்கப் பார்த்தது.

சீசன் முடிவில் வரும் தேசியப் பட்டப் போட்டியில் ஒரு தோல்வி போதும், மூட்டையைக் கட்டிவிட வேண்டியதுதான். உங்கள் வட்டாரக் கல்லூரிகளின் குழுவான ஹாக்கி ஈஸ்டின் பட்டத்தை அதே பாஸ்டன் பல்கலைக்கழகத்தை வென்று எடுத்துக்கொண்டு தேசியப் போட்டியின் கடைசிச் சுற்றுகளுக்கு மில்வாக்கிக்குப் போனீர்கள். அரையிறுதியில் மிச்சிகன். கூடுதல் நேரத்தில் லீ சாண்டர்ஸ் அடித்த கோலில் 4-3. இறுதியில் நடப்புச் சாம்பியன் லேக் சுப்பீரியர் ஸ்டேட். நாற்பது நிமிடம் முடிந்தபோது அவர்கள் 4, நீங்கள் 2. மீதி இருந்தது இருபது நிமிடம். அதில் எதுவும் நடக்காமல் போயிருந்தால் 41-2-2 என்று ஒரு கணக்கு இருந்திருக்கும். அதை யார் அட்டையில் எழுதி ஒட்டி வைப்பார்கள்?

நடந்ததை உங்களுக்கே நான் சொல்வது அதிகப்பிரசங்கம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பகுதியில் ஐந்து நிமிடத்துக்குள் நீங்கள் மூன்று கோல் அடித்தீர்கள். மூன்றுக்கும் பக்கைக் கொண்டுவந்து கொடுத்தவர் கரியா. 5-4. மூன்று முறையும் நீங்கள் கோலுக்கு முன்னே சரியான இடத்தில் நிற்கிறீர்கள். அதற்குள் அங்கே எப்படி வந்தீர்கள் என்பது படத்தில் தெரிவதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து முன்பே பேசி வைத்துக்கொண்ட ஒரு விஷயம் போல இருக்கிறது. மூன்றாவது கோலுக்குப் பிறகு உங்கள் முகம் ஒரு நொடி திரையில் வருகிறது. அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிவது களிப்பைவிடத் தப்பித்தோம் என்ற உணர்வு. படம் மங்கல், நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம்.

கடைசி இரண்டு ஆட்டத்திலும் நீங்கள் வென்றது ஒவ்வொரு கோல் வித்தியாசத்தில். அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் மிகப் பெரிய ஆதிக்கம் என்று பலர் சொல்லும் சீசன் அந்த இரண்டு கோலில் தொங்கிக்கொண்டிருந்தது.

இதை நான் எழுதும் காரணத்துக்கு வருகிறேன். 2022-ல் நீங்கள் பாஸ்டன் புரூயின்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் பயிற்சியாளராக வந்தீர்கள். மேசைக்காரர் அலுவலகத்துக்கே இனிப்பு வாங்கி வந்தார். அந்த சீசனில் 82 ஆட்டத்தில் 65 வெற்றி, அணிகளின் பட்டியலில் 135 புள்ளி. வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கித் தொடரான என்.எச்.எல். வரலாற்றில் எந்த அணியும் ஒரு சீசனில் அவ்வளவு எடுத்ததில்லை. அட்டைக்குக் கீழே இன்னொரு அட்டை ஒட்ட அவர் இடம் ஒதுக்கி வைத்தார். கோப்பைக்கான முதல் சுற்றில் எதிரணி ஃபுளோரிடா பேந்தர்ஸ், உங்களைவிட 43 புள்ளி குறைவாக எடுத்து ஒட்டிக்கொண்டு உள்ளே வந்த அணி. ஏழு ஆட்டத் தொடரில் 3-1 என்று முந்தினீர்கள். பிறகு மூன்று தொடர் தோல்வி.

ஏழாவது ஆட்டம் 2023 ஏப்ரல் 30. மேசைக்காரர் வீட்டில்தான் பார்த்தோம். இரண்டு கோல் பின்தங்கியிருந்து எழுந்து 3-2 என்று முந்தினீர்கள். அதாவது மில்வாக்கி மாதிரியே. கோலில் நின்றவர் ஜெரமி ஸ்வேமன், அவரும் மெய்ன் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். மேசைக்காரர் மெய்ன் அணியின் சின்னமான கருங்கரடி போட்ட பழைய தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒரு நிமிடம்கூட மீதியில்லாத நேரத்தில் பிராண்டன் மான்டோர் அடித்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் கார்ட்டர் வெர்ஹேகி முடித்துவைத்தார். அறையில் யாரும் எழுந்திருக்கவில்லை. இதைத்தான் அவர் முன்பே எனக்குச் சொல்லியிருந்தார், ஆல்ஃபாண்டில் நடந்ததாக.

மறுநாள் பாஸ்டன் முழுவதும் உங்களைத் திட்டியது. கோல்கீப்பரை முன்பே மாற்றியிருக்க வேண்டாமா, ஆட்டக்காரர்களின் வரிசையை ஏன் கலைத்தீர்கள் என்று ரயிலில், காப்பிக் கடையில், முடிதிருத்தும் இடத்தில் எல்லாம் வழக்கு. அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. சறுக்கத் தெரியாத நானே இரண்டு கருத்து சொன்னேன். ஆனால் ஒரு வார்த்தை எனக்கு ஒப்பவில்லை. அந்த சீசனையே வீண் என்றார்கள். 135 வீண் என்றால், சாண்டர்ஸின் கோல் கம்பியில் பட்டுத் திரும்பியிருந்தால் 1993-ம் வீண்தானே? ஒரே தோல்வியில் வெளியேற வேண்டிய மில்வாக்கியில் தப்பியவர், மூன்று தோல்விவரை தாங்கக்கூடிய ஏழு ஆட்டத் தொடரில் தப்பவில்லை. தொடர் நீண்டால் அதிர்ஷ்டத்தின் பங்கு குறையும் என்பார்கள் கணக்குத் தெரிந்தவர்கள். உங்கள் விஷயத்தில் அது தலைகீழாக நடந்தது.

அந்த வருடமே சிறந்த பயிற்சியாளருக்கான ஜாக் ஆடம்ஸ் விருது உங்களுக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு இறுதிக்குள் பாஸ்டன் உங்களை அனுப்பிவிட்டது. சில நாட்களிலேயே செயின்ட் லூயிஸ் அணி அழைத்துக்கொண்டது. அந்தச் செய்தி வந்த காலையில் மேசைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது அட்டைக்கு ஒதுக்கிய இடத்தில் மறுநாள் அவர் மகள் படம் இருந்தது.

உங்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. மான்டோர் அடித்து 3-3 ஆனபின், கூடுதல் நேரம் தொடங்குமுன் உள்ளே ஆட்டக்காரர்களிடம் பேசியிருப்பீர்கள். அப்போது மனத்தில் எது வந்தது, 4-2-லிருந்து மீண்ட மில்வாக்கியா, 6-2-ஐத் தொலைத்த ஓரோனோவா? எங்களுக்குள் இதில் பந்தயம் உண்டு. அவர் மில்வாக்கி என்கிறார். நான் ஓரோனோ என்கிறேன், ஏனென்றால் எனக்கு எப்போதும் தோற்றதுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

பிப்ரவரியில் மறுபடியும் ஆல்ஃபாண்டுக்குப் போகிறோம். டிக்கெட் வாங்கியாகிவிட்டது. கார் கதவுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அங்கே யாராவது உங்கள் 301-க்குப் பக்கத்தில் வருகிறார்களா என்று பார்த்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பாஸ்டனுக்கு வெளியே இருந்து ஒரு ரசிகன்