நியானின் மூன்று முகடுகள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பழையபடி படிக்கத் தொடங்கிவிட்டேன் என்பதுதான் என் பக்கத்துச் செய்தி. நியானின் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் இருக்கின்றன என்றால், ஒளியால் பெயர்த்தெடுத்த எலக்ட்ரான்களை ஆற்றல்வாரியாக எண்ணி வரையும் ஒளிமின் நிறமாலையில் அந்த எட்டுக்கும் சேர்த்து ஒரே முகடுதானே வர வேண்டும் என்று உன் மகள் கேட்ட கேள்வியை மூன்று நாட்களாக மனத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். கூடு, எட்டு, நிறைவு என்று நாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததையே அவள் ஐயத்தோடு பார்க்கிறாள். எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

முதலில் அவளை ஒரு கணக்குப் போடச் சொல். அலுமினியத்திலிருந்து வரும் எக்ஸ் கதிரின் ஒரு போட்டான், அதாவது ஓர் ஒளித்துகள், கொண்டுவரும் ஆற்றல் 1486.6 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு). நியான் வாயுவிலிருந்து வெளியேறும் எலக்ட்ரான்களில் ஒரு தொகுதி 616.4 எலக்ட்ரான் வோல்ட் இயக்க ஆற்றலோடு வருகிறது, மீதமுள்ள 870.2 அந்த எலக்ட்ரானைப் பெயர்த்தெடுப்பதற்குச் செலவாயிற்று, அதாவது அதுவே முதல் கூட்டிலுள்ள 1எஸ் எலக்ட்ரானின் பிணைப்பு ஆற்றல். இதே கணக்கில் இரண்டாம் கூட்டின் 2எஸ், 2பி எலக்ட்ரான்களுக்குரிய மற்ற இரண்டு முகடுகளும் முறையே 48.5-இலும் 21.6-இலும் விழுகின்றன. 870-க்கும் 48-க்கும் நடுவில் இருக்கும் அந்தப் பெரிய வெற்றிடம்தான் முதல் கூட்டையும் இரண்டாம் கூட்டையும் பிரிக்கிறது. ஆனால் இரண்டாம் கூட்டுக்குள்ளேயே 27 எலக்ட்ரான் வோல்ட் வேறுபாடு இருப்பதால், எட்டும் சமம் என்ற பேச்சுக்கு இடமில்லை. 2எஸ் எலக்ட்ரான் உட்கூட்டைத் துளைத்து அணுக்கருவின் அருகே வரை செல்கிறது. 2பி எலக்ட்ரானால் அவ்வளவு நெருங்க முடியாததால், உள்ளிருக்கும் எலக்ட்ரான்கள் கருவின் ஈர்ப்பை மறைப்பது அதற்குக் கூடுதலாக இருக்கிறது.

அடுத்த தனிமமான சோடியத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல். அணுக்கருவில் ஒரே ஒரு புரோட்டான் கூடியதற்கே 1எஸ் முகடு 200 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேல் நகர்ந்துவிடுகிறது; புதிதாக வந்த 3எஸ் எலக்ட்ரானோ வெறும் 5.1-இல் தளர்வாக நிற்கிறது.

முகடுகளின் உயரம் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையைக் காட்டும் என்று பாடத்தில் வருவதை மட்டும் அவள் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். எந்த ஆர்பிட்டாலிலிருந்து (1எஸ், 2பி போன்ற எலக்ட்ரான் நிலை) எலக்ட்ரான் எவ்வளவு எளிதாக வெளியேறும் என்பது போட்டானின் ஆற்றலைப் பொறுத்து மாறுவதால், உண்மையான அளவீட்டில் நியானின் முகடுகள் 2, 2, 6 என்ற விகிதத்தில் வந்து நிற்பதில்லை.

இத்தனை ஆண்டு பாடம் நடத்திய பிறகு எனக்கு இப்போதுதான் நன்றாகத் தெளிந்த ஒன்றை உனக்காக எழுதுகிறேன். ஆர்கானின் 3பி முகட்டை நுண்மையாக அளந்தால் அது 15.76, 15.94 என இரண்டாகப் பிளந்திருப்பதும், முதலாவது மற்றதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு இருப்பதும் தெரிகிறது. முழு அணுவிலோ ஆறு 3பி எலக்ட்ரான்களும் நிறைந்திருக்கின்றன. அங்கே பிளவு எதுவும் இல்லை. பிளவு, ஓர் எலக்ட்ரானை இழந்து நிற்கும் அயனியினுடையது: அதில் எஞ்சிய ஐந்து எலக்ட்ரான்களின் தற்சுழற்சியும் சுற்றுப்பாதை உந்தமும் இரண்டு விதமாக இணையலாம், ஒன்றுக்கு நான்கு நிலைகள், மற்றதற்கு இரண்டு; அந்த இரு மடங்கு இதனால்தான். ஆக, அணுவுக்கும் அது விட்டுச்செல்லும் அயனிக்கும் உள்ள ஆற்றல் வேறுபாட்டைத்தான் ஒவ்வொரு முகடும் சொல்கிறது. நியானின் 1எஸ் ஆர்பிட்டால் ஆற்றலை, ஒவ்வொரு எலக்ட்ரானும் மற்றவற்றின் சராசரி விளைவில் இருப்பதாகக் கொள்ளும் ஹார்ட்ரீ-ஃபாக் முறையில் கணக்கிட்டால் சுமார் 892 வருகிறது, அளவீடு 870. ஓர் எலக்ட்ரான் போனதும் மற்ற ஒன்பதும் கருவை நோக்கி ஒடுங்குவதால் கிடைக்கும் ஆற்றலே இந்த வேறுபாட்டின் பெரும்பகுதி. 1எஸ் முகட்டுக்கு அப்பால் 37 எலக்ட்ரான் வோல்ட் தள்ளி மங்கலான சிறு முகடுகளும் உண்டு: எலக்ட்ரான் வெளியேறும் அதே கணத்தில் 2பி எலக்ட்ரான் ஒன்று மேலே ஏறிவிட்ட அணுக்களின் தடம் அவை.

ஆர்கானின் நிறமாலையை வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். பிணைப்பு ஆற்றல் இடப்பக்கமாகக் கூடுகிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு, முகடுகளுக்கு அவளையே பெயர் எழுதச் சொல். 250-ஐ ஒட்டி நெருங்கி நிற்கும் இரட்டை முகட்டுக்கு அவள் என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரிவி.

அன்புடன்,
உன் நண்பன்