குட்டைக்கரையில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த ஆத்தாவுக்கு

நேற்று பொழுது இறங்குகிற நேரத்தில் அம்மா வளர்த்த 11 கூஸ் வாத்தும் எங்கள் சாளை வீட்டுக்குத் திரும்பிவிட்டன. ராத்திரி முழுக்க அதுகள் போட்ட கூச்சலில் வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை. அந்தச் சத்தம் மறுபடி கேட்கிறதே என்று எழுந்து எழுந்து போய்ப் பார்த்துக்கொண்டிருந்தோம். விடிந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

அம்மா படுக்கையில் விழுந்த இந்த இரண்டு மாதமும் எங்கள் வீடு எப்படி இருந்தது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. சாளை பூட்டிக் கிடந்த நாட்களில் அம்மாவின் வாத்துகள் குட்டைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டதும், நாய்களுக்கு மூன்று பலியானதும் நீங்கள் சொல்லித்தான் எனக்கே தெரியவந்தது.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்தக் குட்டை வெறும் பொட்டல், அதில்தான் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். அத்திக்கடவு-அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி, காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே எடுக்கும் பவானித் தண்ணீர் 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாயில் வரத் தொடங்கியதில் எங்கள் குட்டையும் நிறைந்தது. பெரியவர்கள் ஒரு ஆயுசு முழுக்கக் கேட்டு வாங்கிய தண்ணீர் அது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நடுவில் ஆள் மூழ்குகிற ஆழம், கரையெல்லாம் சீமைக்கருவேலம். அதற்குள் போன கூஸ் வாத்தைப் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

டியூப் கட்டிக்கொண்டு இறங்கிய எங்கள் வீதித் தம்பிகளுக்கு நன்றி. வலையும் பரிசலும் கொடுத்ததோடு தானே துடுப்புப் போட்ட மீன் குத்தகைக்கார அண்ணனுக்கு நன்றி. மீன்குஞ்சு விட்ட தண்ணீரில் இத்தனை பேர் இறங்கியும் அவர் முகம் சுளிக்கவில்லை. குட்டையிலேயே விட்டுவிடலாமே என்று நான் சோர்ந்து கேட்டபோது, நஞ்சராயன் குளத்துக்குப் பறவை பார்க்கப் போகிற பிள்ளைகள் பொறுமையாக எடுத்துச் சொன்னார்கள். பட்டைத்தலை வாத்து இமயமலையைத் தாண்டிப் பறந்து வரும், இதுகள் தீனி போட்டு வளர்த்த கனத்த உடம்பு, நாய் துரத்தினால் எழும்பிப் பறக்காது, விடாதீங்கக்கா என்றார்கள். அவர்களுக்கும், குட்டியானை வண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்து நிறுத்திய மாமாவுக்கும், மூன்று வேளையும் சோறு கொடுத்து அனுப்பிய மேற்குத் தோட்டத்து அத்தைக்கும் சேர்த்துக் கும்பிடுகிறேன்.

இனி ஆத்தாவைப் பற்றி.

ஆறு நாள் துரத்தினோம். ஒவ்வொரு நாளும் அதுகள் தேர்ந்துகொண்டே வந்தன. வலையைத் தூக்கினாலே நடுத்தண்ணீருக்குப் போய்க் கூட்டமாக நின்றுகொள்ளும். ராத்திரியும் தண்ணீரை விட்டு ஏறாது. ஆறாம் நாள் சாயங்காலம் நான் கரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது, தினமும் அந்த வழியாக ஆடு ஓட்டிக்கொண்டு போகிற ஆத்தா பக்கத்தில் வந்து நின்றார். அதுவரை நான் அவரோடு நின்று நாலு வார்த்தை பேசியது கிடையாது.

"ஏனம்மணி, உங்கம்மா எப்படிக் கூப்புடும்னு தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. கல்யாணமாகித் திருப்பூர் போய்ப் பதினாலு வருஷம் ஆகிறது. லீவுக்கு வரும்போது வாத்து கத்துகிறதே என்று காதைப் பொத்தியிருக்கிறேன். அம்மா அதுகளைக் கூப்பிட்ட சத்தம் என் காதில் தங்கவேயில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அம்மாவுக்கு இன்னும் பேச்சு திரும்பவில்லை.

ஆத்தா தன் ஈயப் போசியை எடுத்து வளையலால் மூன்று தட்டுத் தட்டி, "கொண்டையா... ஏ கொண்டையா..." என்று இழுத்துக் கூப்பிட்டார். நடுக்குட்டையில் நின்ற கடாவாத்து, மூக்கின் மேல் புடைப்பு இருக்குமே அதுதான், கழுத்தை நிமிர்த்தித் திரும்பிப் பார்த்தது. அதற்கு ஒரு பெயர் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வேலிக்கு அந்தப்பக்கம் ஆடு ஓட்டிப் போகிறவர் தினமும் கேட்டுக் கேட்டு அதை மனசில் வைத்திருந்திருக்கிறார்.

"தொரத்தித் தொரத்தி உங்க மூஞ்சியே அதுகளுக்கு ஆகாமப் போச்சு. இனி ஒருத்தரும் கரைக்கு வராதீங்க. நா இருந்துக்கறேன்" என்றார்.

ஒன்பது சாயங்காலம் இருந்தார். முதல் நாளே தண்ணீர் ஓரத்திலிருந்து இரண்டு பக்கமும் கம்பி வலை கட்டச் சொன்னார். வாய் அகலம், உள்ளே போகப் போகக் குறுகி, கடைசியில் தகரம் அடைத்த பட்டி, அதற்கு ஒரு படல். கட்டியதைத் தொடவே கூடாது, அதுகள் கண்ணுக்குப் பழகட்டும் என்றார். ஊறவைத்த கம்பும் உடைத்த மக்காச்சோளமும் முதல் நாள் தண்ணீர் ஓரத்தில், மறுநாள் பத்தடி மேலே, அதற்கடுத்த நாள் இன்னும் மேலே. தீனியைப் போட்டுவிட்டுக் கூப்பிடுவார். பிறகு குட்டைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். ஏன் ஆத்தா என்று கேட்டேன். "நேருக்கு நேர் பாத்தா நரி பாக்கற மாதர அதுகளுக்கு. முதுகக் காட்டுனா ஆடு மேய்க்கற கெழவின்னு உட்டுரும்."

மூன்று நாள் ஒன்றும் ஏறவில்லை. நான்காம் நாள் கொண்டையன் மட்டும் வந்து நாலு வாய் தின்றுவிட்டு இறங்கிப் போனது. பொறுமையில்லாமல் நான் துடித்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேற்று கொண்டையன் படல்வரைக்கும் வந்து கழுத்தை நீட்டி வெகுநேரம் நின்றது. பிறகு உள்ளே போனது. அதன் பின்னால் மற்றதெல்லாம் வரிசையாகப் போனது. தகரத்தில் கொத்துகிற சத்தத்தைக் காதால் கேட்டே கணக்குப் பார்த்து, ஆத்தா மெல்லக் கையைத் தூக்கினார். புதருக்குப் பின்னாலிருந்து போய்ப் படலைச் சாத்தினோம்.

காலைப் பிடித்துத் தூக்காதீர்கள், கால் இற்றுவிடும், இறக்கையை மடக்கி உடம்போடு அணைத்துத் தலை பின்பக்கம் வருகிற மாதிரி கக்கத்தில் வையுங்கள் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். அப்படியே தூக்கினோம். ஒன்றுக்கும் சின்னக் கீறல்கூட இல்லை.

ஒரு விஷயம் அப்புறம்தான் தெரிந்தது. பொழுது இறங்குகிற அந்த ஒரு மணி நேரம்தான் ஆடுகள் வெயில் தணிந்து வயிறு நிறைய மேய்கிற நேரம். ஒன்பது நாளும் ஆத்தா ஆட்டை முன்னாடியே அடைத்துவிட்டு வந்திருக்கிறார். ராத்திரியில் பேரன் வேப்பந்தழையும் வேலாந்தழையும் ஒடித்துப் போட்டிருக்கிறான். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பணத்தை நீட்டியபோது கையைத் தட்டிவிட்டு, "உங்கம்மா எனக்கு எத்தனை நாள் மோரு குடுத்துருக்கும்" என்றார்.

ஆத்தா, இந்த வருஷம் சோளத்தட்டு அறுத்ததும் எங்கள் மேட்டுக்காடு உங்கள் ஆட்டுக்குத்தான். அடுத்த வருஷமும் அப்படித்தான். யாரையும் கேட்க வேண்டாம், படலைத் திறந்து ஓட்டிவிடுங்கள். மோர் கொடுக்க இனி நான் இருக்கிறேன். அம்மா எழுந்து நடக்கும்வரை திருப்பூர் போவதாக இல்லை.

இன்று காலை அம்மாவின் கட்டிலைத் திண்ணைக்குக் கொண்டுவந்து கையில் போசியைக் கொடுத்தோம். வலது கை வரவில்லை. இடது கையால் தட்டினார். கொண்டையன் பட்டிக்குள்ளிருந்து கத்தியது.

கம்பி வலை இரண்டு சுருள் யாருடையது என்று தெரியாமல் எங்கள் களத்தில் இருக்கிறது. பச்சைப் பெயிண்ட் அடித்த கடப்பாரை ஒன்றும் இருக்கிறது. கொடுத்தவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலமாக வந்தால் அம்மாவையும் பார்த்துவிட்டுப் போகலாம்.