லன்சோனெஸ் திருவிழாவில் எங்களைக் கவனித்துக்கொண்ட கமிகின் மக்களுக்கு நன்றி

கமிகின் தீவில் எங்களுக்கு உதவிய எல்லாருக்கும் வணக்கம்.

இந்த அக்டோபரில் அப்பா அம்மாவோடு லன்சோனெஸ் பழத் திருவிழாவுக்கு வந்து போனோம். பெயர் நினைவில்லாவிட்டாலும் வேட்டி கட்டிய பெரியவர் என்றால் உங்களுக்குத் தெரிந்துவிடும். விழா வாரத்தில் உங்களில் யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. அப்படிப்பட்ட நேரத்தில் முன்பின் தெரியாத எங்களுக்காக அலைந்தீர்களே, அதற்குத்தான் இந்த மடல். எங்கள் பக்கத்து ஆட்களுக்கும் உங்களைப் பற்றித் தெரிய வேண்டும் என்பதால் தமிழில் எழுதுகிறேன். அலுவலகத் தோழி ஒருவர் உங்கள் பக்கம் பேசும் செபுவானோ மொழியில் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அதைத் தீவின் தலைநகரான மம்பஹாவுக்கு அனுப்பி வைக்கிறேன்.

படிக்கிற நம்மவர்களுக்குக் கொஞ்சம் விவரம். கமிகின், பிலிப்பைன்ஸில் மிண்டானாவோவுக்கு வடக்கே கடலில் கிடக்கும் குட்டி மாகாணம். தீவைச் சுற்றி வரும் சாலையே சுமார் 64 கிலோமீட்டர்தான். ஊர்களைவிட எரிமலைகள் அதிகம் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். 1951 டிசம்பர் 4 அன்று ஹிபோக் ஹிபோக் வெடித்ததில் 500 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், 1952இல், எரிமலைகளைக் கண்காணிக்க அந்த நாட்டில் தனி ஆணையமே வந்தது. அந்த எரிமலை மண்ணில், தென்னைகளுக்கு நடுவே வளர்வதுதான் லன்சோனெஸ். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெளிறிய மஞ்சள் தோலோடு கொத்துக் கொத்தாகக் காய்க்கும். மலேசியாவில் இருப்பவர்களுக்கு லங்சாட், டுக்கு என்றால் புரியும்.

அப்பாவுக்கு இது புதிதில்லை. மேட்டுப்பாளையத்துக்கு மேலே கல்லாறு பழப்பண்ணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மங்குஸ்தான், துரியன் மரங்களோடு லங்சாட்டும் அவர் கைப்பட்டுதான் வளர்ந்தது. நான் வேலை பார்க்கும், மிண்டானாவோவில் இருக்கும் ககயான் டி ஓரோ நகரத்துக்கு அவர் வருவதற்குச் சம்மதித்ததே, “இங்கே லங்சாட்டுக்குத் திருவிழா எடுக்கிறாங்கப்பா” என்று நான் சொன்ன பிறகுதான்.

முதல் நன்றி மம்பஹாவ் வீட்டு நானாய்க்கு. நானாய் என்றால் அங்கே அம்மா. நாங்கள் முன்பதிவு செய்திருந்த விடுதியில், போய் நின்றதும் “அறை இல்லை” என்று சொல்லிவிட்டார்கள். விழா நேரத்தில் அந்த ஊரில் திண்ணைகூடக் கிடைக்காது. பக்கத்துக் கடையில் நின்றிருந்த நானாய், விஷயத்தைக் கேட்டதும் வீட்டுக்குக் கூட்டிப்போய் மகளின் அறையை ஒழித்துக் கொடுத்தார். மகள் கூடத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டார். அப்பா அம்மா இருவரும் சைவம். பிலிப்பைன்ஸில் சைவச் சாப்பாடு கேட்டால், கறியைப் பொறுக்கி எடுத்துவிட்டுச் சாப்பிடலாமே என்பார்கள். நானாய் அப்படிச் சொல்லவில்லை. காய்கறிக் குழம்பில் வழக்கமாகப் போடும் கருவாட்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, பூசணியும் கத்தரிக்காயும் கமுங்காயும் போட்டுக் கொதிக்க வைத்தார். கமுங்காய் வேறொன்றுமில்லை, முருங்கைக்கீரைதான். அம்மா அடுப்படிக்குப் போய்த் தானும் உட்கார்ந்து கீரை உருவிக் கொடுத்தார். காசு கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்ட நானாய், அம்மா கொடுத்த சுங்குடிச் சேலையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஊர்வலம் கண்கொள்ளாக் காட்சி. தெரு முழுக்க மூங்கில் குடில்கள், அவற்றில் லன்சோனெஸ் கொத்துகள் தோரணமாகத் தொங்குகின்றன. பழமும் இலையும் கோத்த உடையில் பிள்ளைகள் வெயிலில் சளைக்காமல் ஆடினார்கள். கூட்டத்தில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தலைக்கு மேலே தூக்கி வந்து அப்பாவை உட்கார வைத்த தம்பிக்கும், கேட்காமலே அம்மாவுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்த அக்காவுக்கும் நன்றி. ஆனால் உண்மையைச் சொன்னால், கொஞ்ச நேரத்தில் அப்பாவுக்கு ஆட்டம் சலித்துவிட்டது. “மரம் எங்கே?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

எங்களை ஏற்றி வந்த மோட்டோரெலா (அந்த ஊர் ஆட்டோ) ஓட்டுநர் நோங் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, மலைச்சரிவில் தோட்டம் வைத்திருக்கும் மைத்துனருக்குப் போன் போட்டார். அன்றைக்கு அவருக்கு நல்ல சவாரி இருந்திருக்கும். அதை விட்டுவிட்டு எங்களை மேலே கொண்டுபோனார். திரும்பி வரும்வரை அங்கேயே காத்திருந்தார், காத்திருந்ததற்குக் காசும் வாங்கவில்லை.

அந்தத் தோட்டத்தைப் பற்றி எழுதாவிட்டால் அப்பா என்னை விடமாட்டார். அறுவடை நடந்துகொண்டிருந்தது. மரத்தின் மேலே இருந்த இரண்டு பையன்கள் கொத்தைக் காம்போடு அறுத்துக் கூடையில் இறக்க, கீழே பெண்கள் எறும்பைத் தட்டி, அடிபட்டதைக் கழித்து, பெட்டியில் அடுக்கினார்கள். வியாபாரி வண்டியோடு காத்திருந்தார். அந்த அவசரத்திலும் தோட்டக்காரர் அப்பாவைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய் ஒவ்வொரு மரமாகக் காட்டினார். இவருக்குச் செபுவானோ தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. நான் ஆங்கிலத்தில் நடுவே புகப் பார்த்தேன், இருவருமே கண்டுகொள்ளவில்லை. விதைபோட்டு வளர்த்தால் காய்க்கப் பதினைந்து வருடம்கூட ஆகும், ஒட்டுக்கன்று என்றால் சீக்கிரம் என்பதை விரல்களைக் கோத்தும் கத்தியைச் சாய்த்துக் காட்டியுமே பேசி முடித்துவிட்டார்கள். தாழ்ந்த கிளையில் ஒரு கொத்தை அப்பாவே அறுக்கும்படி கத்தியைக் கொடுத்தார். இரண்டு தூறல் விழுந்ததும் அப்பா கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெட்டிகளைப் பார்த்து ஓடினார். நனைந்த பழம் சீக்கிரம் கறுத்து அழுகிவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தோட்டக்காரரும் பின்னாலேயே ஓடிவந்தார், இருவரும் சேர்ந்து தார்ப்பாயை இழுத்து மூடினார்கள்.

மழை விடும்வரை கொட்டகையில் உட்கார வைத்து எங்களைப் பழம் தின்ன வைத்தார்கள். அடிப்பக்கம் அழுத்தினால் தோல் பிளந்துகொள்ளும், ஆனால் பால் பிசுபிசுவென்று விரலில் ஒட்டும். அப்பாவின் வேட்டியிலும் பட்டுவிட்டது. வீட்டம்மா தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து துடைத்துவிட்டார், பலாப்பழத்துக்கு நாம் செய்வதேதான். சுளையில் விரல் பட்டதுபோல ஒரு தடம் இருக்கிறதே, அதற்கும் அவர் ஒரு கதை சொன்னார். ஒரு காலத்தில் இந்தப் பழம் நஞ்சாக இருந்ததாம். மாதா கிள்ளித் தின்ற பிறகுதான் இனித்ததாம், அந்தத் தடம்தான் இதுவாம். அம்மா உடனே ராமர் அணிலுக்குப் போட்ட மூன்று கோட்டுக் கதையை ஆரம்பித்துவிட்டார். அதை மொழிபெயர்க்கிற வேலை மட்டும் எனக்குக் கிடைத்தது.

பெனோனி துறைமுகத்தில் காற்று அதிகமாகிப் படகு தாமதமானபோது, எங்களுக்கு இடம் கொடுத்து போனுக்குச் சார்ஜும் போடவிட்ட உணவுக்கடை அக்காவுக்கும், பழப்பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக்கொடுத்த சுமைத்தொழிலாளிக்கும் நன்றி. ஒரு பழம்கூட நசுங்கவில்லை. தோலை எறியாதே, காயவைத்து எரித்தால் கொசு வராது என்று அவர் சொன்னபடி, இப்போது என் பால்கனி முழுக்கத் தோல் காய்கிறது.

தோட்டக்கார அண்ணனுக்கு அப்பா எழுதச் சொன்னது: ஓடைப் பக்கத்து இரண்டு மரங்களில் பட்டை சொரசொரவென்று வெடித்திருக்கிறது, உள்ளே புழு இருக்கும். அறுவடை முடிந்ததும் அந்தப் பட்டையை மேலாகச் சுரண்டி எரித்துவிடுங்கள். உள்பட்டையில் கத்தி படக் கூடாது.

நன்றியுடன்,
அப்பா, அம்மா, நான்
ககயான் டி ஓரோ