இத்துரால்தேயை எடுத்துவிடாதே

மக்ளே,

உன் சாக்ஸபோன் தேர்வுக் கச்சேரியில் இத்துரால்தே எழுதிய உருப்படிகளை எடுத்துவிட்டு ‘கனமாக’ ஏதாவது போடலாமா என்று கேட்டிருந்தாய். அது லேசான சரக்கு என்று யாரோ சொன்னார்களாமே. எடுக்காதே. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

பெத்ரோ இத்துரால்தே ஸ்பெயினில் நவார்ரா பக்கத்துக்காரர். தானே சாக்ஸபோன் வாசித்தவர். 1949-இல் ‘பெக்கேன்யா சார்தா’வை, அதாவது ‘சின்ன சார்தாஷ்’ என்ற உருப்படியை, எழுதியபோது அவருக்கு வயது இருபதை ஒட்டித்தான். ஹங்கேரிக்காரர்களின் ஆட்டத்தை ஒரு ஸ்பெயின் பையன் இவ்வளவு துணிச்சலாக எடுத்துக் கையாண்டிருக்கிறான், அதை லேசு என்று எப்படிச் சொல்வது? அப்படிச் சொல்பவர்களிடம் ஹங்கேரி இசையமைப்பாளர் பார்டோக்கைப் பற்றிக் கேட்டுப் பார். மெழுகு உருளையில் பதிவு செய்யும் ஃபோனோகிராஃபைத் தூக்கிக்கொண்டு ட்ரான்சில்வேனியா கிராமங்களில் அலைந்த மனுஷன் அவர். 1915-இல் எழுதிய ருமேனிய ஆட்டங்கள் ஆறும் ஏழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதைக் கனமில்லை என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது.

உன் பியானோக்காரப் பெண்ணுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் கோயிலில் பாடகர் குழுவுக்கு இத்தனை வருஷம் கீபோர்டு வாசித்தவன், எனக்கு அந்தப் பக்கத்துக் கவலைதான் முதலில் வரும். சார்தாஷ் என்ற அந்த ஹங்கேரி ஆட்டம் என்றால் முதலில் மெதுவாக இழுத்து வாசிப்பது, பிறகு துரிதம். ஹங்கேரியின் ரோமா (ஜிப்சி) வாத்தியக் குழுக்களில் வயலினோடு சிம்பலோம் இருக்கும். அது இரண்டு குச்சியால் கம்பிகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம். பியானோவும் உள்ளே சுத்தியலால் கம்பியைத் தட்டுவதுதானே! அதனால் துரித பாகத்தில் பெடலை அமுக்கிக் குழப்ப வேண்டாம், ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்கட்டும் என்று சொல். மெதுவான பாகத்தில் அவள் எண்ணிக்கொண்டு வாசிக்கக் கூடாது. நீ மூச்சு எடுக்கும் தோளைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். துரிதத்தில் ஓடிப்போகிறவள் நீதான், அது எனக்குத் தெரியும். ஆடுகிறவர்களின் கால் தரையில் பட நேரம் வேண்டும், அதை நினைத்து வாசி.

இத்துரால்தேயின் ‘சூட் எலெனிக்’கும் (‘கிரேக்கத் தொகுப்பு’) பட்டியலில் இருக்கட்டும். அதன் முதல் பாகம் கலமத்தியானோஸ், கிரேக்கர்கள் கைகோத்து வட்டமாக ஆடும் ஆட்டம். ஏழு எட்டாம் தாளம், மூன்று, இரண்டு, இரண்டு என்று பிரியும். ஒருமுறை தகிட தகதிமி என்று சொல்லிப் பார். நம் மிஸ்ர சாபுதான்! ஒன்றிலும் நான்கிலும் ஆறிலும் தட்டு. ஆனால் ஏழையும் சமமாக எண்ணினால் அது கணக்குப் பாடமாகிவிடும். ஒரு நீளமான அடி, இரண்டு குட்டை அடி, அவ்வளவுதான். உடம்புக்குள் அது வந்துவிட்டால் எண்ணவே வேண்டாம். உன் கூட வாசிக்கிறவளுக்கு மிஸ்ர சாபு தெரிந்திருக்காது, அவளை எழுந்து நிற்க வைத்து நடக்கச் சொல்.

இன்னொன்று. கத்ரி கோபால்நாத்தைக் கேட்டு வளர்ந்த காது உனக்கு. சாக்ஸபோனில் கமகம் வரும் என்று காட்டிய மகா வித்வான் அவர். அந்த வித்தை கைவசம் இருக்கிறதே என்று கிரேக்க ஆட்டத்தில் எல்லாச் சுரத்தையும் ஆட்டிவிடாதே. மெதுவான சார்தாவில் அங்கங்கே ஒரு சின்ன வளைவு போதும்.

பியானோ பாகத்தைப் படம் எடுத்து அனுப்பு. கிறிஸ்துமஸுக்கு வரும்போது சேர்ந்து வாசிக்கலாம். நீ ஆல்ட்டோ சாக்ஸபோனில் சி வாசித்தால் எனக்கு ஈ ஃபிளாட் கேட்கும் என்பதை இந்தத் தடவை மறக்க மாட்டேன்.

அம்மா நேந்திரங்காய் சிப்ஸ் பார்சல் போட்டிருக்கிறாள். தின்றுவிட்டு வாயைக் கொப்பளிக்காமல் வாத்தியத்தைத் தொடாதே, எண்ணெய் பட்டால் ரீடு போச்சு.

அன்புடன்,
அப்பா